ஊரில் இல்லாத குதிரை

அந்த நகரத்தில் பிடிபட்ட கொசுக்கள் அத்தனையும் குதிரை ரத்தம் குடித்திருந்தன. நகரத்தில் குதிரை கிடையாது. விவகாரம் இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு தாளில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னால் யாருக்கும் கை கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்.

இழுத்தது ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு. அலுவலகத்தில் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர். எந்தச் சோதனையையும் ஒரு தடவை செய்துவிட்டு நம்பியதில்லை. பொங்கிய பாலைக்கூட இன்னொரு தரம் பொங்கவைத்துப் பார்த்துத்தான் இறக்குவாள் என்று வாசல் காவலாளி சொல்லித் திரிவான். அது அபாண்டம். மூன்று தரம்.

அவள் வேலை இதுதான். ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றை ஒரு சின்னக் குழாயில் போட்டு அரைத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பாள். பிசிஆர் மெஷினில் வைத்தால் அது வேண்டிய துண்டை மட்டும் இரண்டு மணி நேரத்தில் கோடிக்கணக்கில் நகலெடுத்துக் கொடுத்துவிடும். துண்டில் உள்ள எழுத்துகளைப் படித்து, மாடு, நாய், கோழி, மனிதன் என்று ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால், கொசு யார் வீட்டில் விருந்து சாப்பிட்டது என்று தெரியும். அதே கொசுவில் இன்னொரு துண்டையும் படிப்பாள். அந்த மரபணு மாறியிருந்தால் கொசுவுக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்று அர்த்தம். மாறாமலிருந்தால் மருந்தடித்தவுடன் மரியாதையாகச் செத்துவிடும்.

ஏழு தெருக்களில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. அந்த ஏழு தெருக்களிலும் பொறி வைத்துக் கொசு பிடித்துவருவது அவள் புருஷனின் வேலை. 'பொறிக்காரர்' என்றால் அதே அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போவார், காலையில் குழாய்களோடு வருவார். ஒவ்வொரு குழாயிலும் தெரு, வீட்டு எண், தேதி, எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில். மூன்று வாரத்தில் அறுபது கொசுக்கள் சேர்ந்தன. அறுபதிலும் குதிரை.

முதலில் அவள் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கொசு போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஒரு குழாயை எப்போதும் கூடவே வைப்பது வழக்கம். எங்காவது அழுக்கு கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் சுத்தமாக இருந்தது. அடுத்து கையுறையைச் சந்தேகப்பட்டாள், மெஷினைச் சந்தேகப்பட்டாள், பக்கத்து அறையில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் உதவியாளரைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் தன்னையே சந்தேகப்பட்டு, கடைசியாக எப்போது குதிரையைத் தொட்டோம் என்று யோசித்தாள். ஏழு வயதில், போட்டோ ஸ்டுடியோவில். அதுவும் அட்டைக் குதிரை.

நான்காவது தடவையும் குதிரைதான் வந்தது.

இயக்குநர் கவலைப்படவில்லை. அவர் பார்த்தது இரண்டாவது சோதனையை. அறுபது கொசுக்களில் ஒன்றில்கூட மரபணு மாறவில்லை. அப்படியானால் கிடங்கில் இருக்கும் பழைய மருந்தையே அடித்துவிடலாம். அறிக்கையில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் புகையடிக்கும் வண்டி கிளம்பிவிடும். குதிரையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: ஆய்வுக்கூடம் சொன்னால் குதிரை இருக்கத்தான் வேண்டும், கண்டுபிடிக்க வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. அன்றைக்கே எல்லா வார்டுகளுக்கும் காவல்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சுற்றறிக்கை போனது. மறைத்து வைக்கப்பட்டுள்ள குதிரை அல்லது குதிரைகள் குறித்த விவரங்களை உடனடியாகத் தெரிவிக்கவும்.

பதில்கள் வந்தன. பதிவேட்டில் உள்ள கடைசிக் குதிரை பத்தொன்பது வருஷம் முன்பே காலமாகிவிட்டதாகவும், அப்போதே அதற்கு ஒரு கால் சரியில்லை என்றும் கால்நடைத் துறை எழுதியது. குதிரை அகப்படவில்லை, சந்தேகத்தின்பேரில் இரண்டு பேரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டோம் என்றது காவல்துறை. மூன்றாவது வார்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், விடியற்காலையில் குளம்புச் சத்தம் கேட்பதாகவும், கேட்கும் நேரத்தைக் குறித்து வைத்திருப்பதாகவும் நேரில் வந்து சொன்னார். ஐந்தாவது வார்டில் ஒரு அம்மாளின் முருங்கைக் கிளையை யாரோ மேய்ந்திருந்தார்கள். ஆடு என்றால் எட்டாது, ஒட்டகம் என்றால் மிச்சம் வைக்காது. புதன்கிழமைக்குள் குதிரையைப் பார்த்தவர்கள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். அதில் நான்கு பேர் நிறத்தைக்கூட ஒரே மாதிரி சொன்னார்கள். பெரிய காம்பவுண்டுச் சுவர் வைத்திருந்தவர்களோடு அக்கம்பக்கத்தார் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மறுபடி அக்காவுக்கு இதில் ஒன்றும் சிரிப்பு வரவில்லை. அவள் தங்கச்சி இருந்தது ஐந்தாவது தெருவில். தங்கச்சியின் மூத்த பெண் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ரத்தம் ஏற்றி, பிழைத்து வீடு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சின்னதுக்கு நாலு வயசு. அதுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. மருந்தடிப்பதைப் பற்றித் தங்கச்சி போனில் சொன்னது இவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

"போன மாசமும் அந்தப் புகையைத்தான் அடிச்சாங்கக்கா. நாங்கதான் இருமிக்கிட்டுக் கெடந்தோம். கொசு என்னமோ சாம்பிராணி போட்ட மாதிரி சொகமா உக்காந்திருந்துச்சு."

அப்படியிருக்க, அந்தத் தெருக் கொசு மருந்துக்குச் சாகும் என்று அறுபது குழாய்களும் சத்தியம் பண்ணின. ஒன்று தங்கச்சி பொய் சொல்ல வேண்டும், அல்லது குழாய் பொய் சொல்ல வேண்டும். தங்கச்சி சின்ன வயசில் நிறையப் பொய் சொல்லியிருக்கிறாள் என்றாலும் இந்த மாதிரி விஷயத்தில் சொல்ல மாட்டாள்.

புதன்கிழமை பஸ்ஸில் வரும்போது அவள் கணக்குப் போட்டாள். இந்த ஜாதிக் கொசு சோம்பேறி. பிறந்த இடத்தைவிட்டு நூறு இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. ஒரே ஒரு குதிரை ஏழு தெருக் கொசுக்களுக்கும் ரத்தம் கொடுக்க வேண்டுமானால், அது தினமும் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும். குதிரைக்கு அவ்வளவு பொறுப்பு இருக்குமா? இருக்காது. அப்படியானால் குதிரை சுற்றவில்லை. கொசுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. ஒரே இடத்துக் கொசுவுக்கு ஏழு தெரு விலாசம் எழுதியது யார்?

அந்த முத்துமுத்தான கையெழுத்து அவள் கண் முன்னால் வந்து நின்றது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் புருஷனை உற்றுப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தெருத்தெருவாகச் சாக்கடை ஓரம் நின்றவர் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. செருப்பில் தூசி இல்லை. இருக்கிற நாலு முடியை வாரிவிட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எந்தத் தெருங்க?"

"மூணாவது."

"குதிரை ஏதாச்சும் கண்ணுல பட்டுதா?"

அவருக்குப் புரையேறியது. அப்போது அவர் எதையும் குடித்துக்கொண்டிருக்கவில்லை. தான் கொசுவைப் பார்க்கிறவன், குதிரையைப் பார்க்க எங்கே நேரம் என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கதவு சாத்தியதும் அவள் மனசு நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குதிரை இருக்கிறது. குதிரை இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரி இருப்பாள். குதிரை வைத்திருக்கிறவள் என்றால் எப்படி இருப்பாள்? உயரமாகத்தான் இருப்பாள். முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருப்பாள். இவர் அங்கே சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து பேசிவிட்டு, எழுந்து வரும்போது லாயத்தில் நாலு கொசுவைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்படி ஒரு பூட்ஸ்காரி. இந்த முடிவுக்கு வர அவளுக்கு ஒரு தடவை யோசித்ததே போதுமாக இருந்தது. மறுபடி யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் அவர் பின்னாலேயே கிளம்பினாள்.

அவர் அலுவலக முன்வாசல் வழியாகக் கம்பீரமாக வெளியே போனார். காவலாளிக்குக் கையசைத்தார். சுவரை ஒட்டி இடது பக்கம் திரும்பினார், மறுபடி இடது பக்கம் திரும்பினார், இன்னொரு தரமும் திரும்பினார். பின்வாசல் வந்தது. அது வழியாக அதே அலுவலகத்துக்குள் நுழைந்து, கொசு வளர்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவரை 'கொசு அப்பா' என்று கூப்பிடுவார்கள். அறையில் எப்போதும் இருபத்தேழு டிகிரி, வேர்க்கிற மாதிரி ஈரம். வலைக் கூண்டுகளில் நாற்பது வருஷமாக அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒரு கொசுப் பரம்பரை. வெளிக்காற்று பட்டதில்லை, மழை பார்த்ததில்லை, யாரும் ஒரு அடி அடித்ததில்லை. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர், பொழுதோடு வெதுவெதுப்பாக ரத்தம். மருந்தின் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலே இரண்டு கொசு மயங்கி விழும் என்பார் கொசு அப்பா. தெருக் கொசு எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிய, கெடாத கொசு ஒன்று வேண்டும் அல்லவா? அளவுகோல் மாதிரி வைத்திருந்தார்கள்.

அவள் அறையின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பூட்ஸ் எதுவும் தென்படவில்லை. ஒரு ஸ்டூலின் மேல் ஈரத்தில் நமுத்துப்போன சீட்டுக்கட்டு விரித்துக் கிடந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. புருஷன் கூண்டுக்குள் குழலை விட்டு, வயிறு சிவந்த கொசுவாகப் பார்த்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடித்துக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார். கொசு அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு நோட்டைப் பார்த்து விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது தெரு, பன்னெண்டாம் நம்பர்."

"பன்னெண்டு போன வாரமே போட்டாச்சுண்ணே."

"அப்ப பதினாலு போடு. பாவம், அவங்க வீட்டுக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூடப் போகலை."

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். கொசு வெளியே போய்விடக் கூடாது என்று, முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். எவ்வளவு கோபத்தோடு வந்தாலும் நடுவில் அரை நிமிஷம் இருட்டில் நின்றாக வேண்டும். அவள் நின்றாள். கோபம் ஆறவில்லை, இன்னும் நன்றாக வரிசைப்பட்டது.

அவள் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். புருஷன் வாயில் இன்னும் குழல் இருந்தது.

"குதிரைக்காரி எங்க?" என்றாள்.

புருஷன் கொசு அப்பாவைப் பார்த்தார். கொசு அப்பாவுக்கு, யாரோ தன் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரித்த மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "ஆளெல்லாம் வர்றதில்லைம்மா, பாட்டில்தான் வருது" என்று குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பாக இரண்டு பாட்டில்கள், மேலே குதிரைப் படம் போட்ட லேபிள். முன்பெல்லாம் முயல் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முயல் வயசாகிப் போய்ச் சேர்ந்ததால் இரண்டு மாதமாகக் குதிரை ரத்தம் வரவழைப்பதாகவும், பிள்ளைகளுக்கு இது நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்றும் விளக்கினார். ஊரெல்லாம் தேடும் குதிரை இதுதான் என்பது அவருக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை. அவர் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வாரம் முன்னால் ஐந்தாவது தெருவில் டெய்லர் வீட்டில் பொறியை மாட்டப் போயிருக்கிறார். பொறியில் விசிறி ஓடுகிறது என்று காட்ட ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. டெய்லர் அதைப் பார்த்துவிட்டு, இது காமிரா, வீட்டுக்குள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள், நாளைக்குத் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று வந்து இடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. பொறியின் வலைப் பையை டெய்லர் பெரிய கத்திரியால் இரண்டாக வெட்டினார். அடுத்த தெருவுக்குப் போனால், செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. ஏழு தெருவிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் தங்கச்சியிடம் மட்டும், அக்கா காதில் போட்டுவிடாதே என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார்.

"பதினெட்டு வருஷமா எல்லா வீட்டுலயும் 'வாங்க கொசுக்காரரே'ன்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப களவாணிப் பயலைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. உங்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

"அதுக்கு இந்தச் செல்லப் பிள்ளைங்களைக் கொண்டுவந்து என் மேஜையில வச்சீங்களா?"

"கொசுன்னா கொசுதானேன்னு நெனச்சேன்."

பதினெட்டு வருஷமாகக் கொசு பிடித்துக் கொடுத்தவருக்கு, கொடுத்த கொசுவை அப்புறம் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. பெண்டாட்டி செய்கிற வேலைதானே என்று அவர் கேட்டதில்லை. புருஷனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவளும் சொன்னதில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். வேலை போய்விடும். கொசு அப்பாவுடையதும் போகும், அப்புறம் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லலேன்னா பழைய மருந்துதாங்க போகும். இது செத்துடும், சரி. அங்க இருக்கறது சாகாது. தங்கச்சி வீட்டுச் சின்னதை அது இன்னும் கடிக்கல. நாளைக்குக் கடிக்காதுன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் வாயை மூடிக்கறேன்."

முத்துமுத்தாக எழுதத் தெரிந்த மனுஷன் அதை மட்டும் எழுதித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குதிரையைக் கண்டுபிடித்துவிட்டதாக அவள் சொன்னாள். எந்த வார்டு என்று கேட்டார்.

"நம்ம வளாகம்தான் சார். மாசம் ரெண்டு பாட்டிலா வருது. நீங்கதான் கையெழுத்துப் போட்டு வரவழைச்சிருக்கீங்க."

பாட்டில் கேட்டு அனுப்பிய தாளை முன்னால் வைத்தாள். இயக்குநர் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தை இன்னொரு தரம் போட்டு ஒத்துப்பார்த்தார். ஒத்துத்தான் போனது. அப்புறம் அவள் எதையும் மறைக்காமல், விலாசம் எழுதியது யார், எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று சொல்லி முடித்தாள். இயக்குநர் முகம் சிவந்து போனை எடுத்தார். இரண்டு பேரையும் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார்.

அனுப்ப வேண்டியதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் உத்தரவில் காரணம் எழுத வேண்டுமே, காரணம் எழுதினால் குதிரை வருமே, குதிரை வந்தால் அந்தச் சுற்றறிக்கையும் கூட வருமே என்று வருத்தப்பட்டாள். காவல்துறை குதிரைக்காக ஊரில் இரண்டு பேரை வேறு பிடித்து விசாரித்திருக்கிறது.

இயக்குநர் போனை வைத்துவிட்டார். தெருக் கொசுவைப் பிடித்துச் சோதிக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். ஐந்து நாள் என்றாள். சுகாதார அலுவலகத்துக்கு, சோதனை மீண்டும் நடைபெறுகிறது என்று ஒரு வரி எழுதினார். குதிரையைப் பற்றி அதன்பின் அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வார்டுத் தலைமையாசிரியர் மட்டும் தொடர்ந்து குளம்புச் சத்தத்தைக் கேட்டு நேரம் குறித்துவந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் ஐந்தாவது தெருவில் டெய்லர் வீட்டு வாசலில் நின்றார்கள். டெய்லர் கழுத்தில் அளவு நாடாவும் கையில் அதே கத்திரியுமாக வந்தார். புருஷன் ஒரு அடி பின்னால் போனார். அவள் பொறியை அவருடைய தையல் மேஜையில் வைத்து, பாகம் பாகமாகக் கழற்றினாள். விசிறி. பாட்டரி. வேர்வை நாற்றத்துக்கு ஒரு பொட்டலம், கொசுவுக்கு அதுதான் மல்லிகை. பச்சை விளக்கைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காமிரா எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்கண்ணே. நானும் உங்களை மாதிரிதான், எதையும் நம்பறதில்ல."

டெய்லர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் அவர் கத்திரியைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவர் புது வலைப் பையின் தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பை விரித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இருந்தாலும் இவ்வளவு மோசமான தையலை எந்த அரசாங்கம் போடும் என்று முணுமுணுத்துக்கொண்டே, பையை மெஷினில் வைத்து இரட்டைத் தையல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். விளக்கை மட்டும் தரவில்லை. விளக்கு இல்லாமலும் விசிறி ஓடும் என்பதால் அவளும் கேட்கவில்லை.

டெய்லர் வீட்டில் பொறி தொங்கியது என்றதும் தெருவில் மற்ற கதவுகளும் பாதி பாதியாகத் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அவள் பொறியைக் கழற்றிக் காட்டினாள், புருஷன் மாட்டினார். ஒரு வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தே தீருவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்து, முகர்ந்து, திண்டாடிப் போனார். நான்கு சாயங்காலங்களில் ஏழு தெருக்களும் முடிந்தன. புருஷன் வீடு திரும்பும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

ஐந்தாம் நாள், அறுபத்து மூன்று குழாய்கள். ஐம்பத்தொன்றில் மனித ரத்தம், மிச்சத்தில் நாய், பூனை, ஒன்றில் கோழி. இரண்டாவது சோதனையில், அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டுக் கொசுக்களுக்கு மரபணு மாறியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தாள். மறுபடி போட்டாள். சாயங்காலம் மூன்றாம் தரமும் அதே எண் வந்த பிறகுதான் அறிக்கையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். கையெழுத்துப் போடும் இடத்தை இரண்டு முறை படித்தார். போட்டார். பழைய மருந்து கிடங்கிலேயே நின்றது. வேறு மருந்து வந்தது, வண்டி போனது.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி போன் செய்தாள். குரலில் சந்தோஷம் வழிந்தது. சின்னது நன்றாக விளையாடுகிறது. ஜன்னல் ஓரமெல்லாம் பெருக்கிப் பெருக்கி மாளவில்லை.

"எல்லாம் செத்துடுச்சுக்கா."

"செத்துடுச்சா, படுத்திருக்கா?"

"செத்துதான் கெடக்குது. காலைத் தூக்கிக்கிட்டு."

"பெருக்கித் தள்ளிடாத. ஒரு டப்பாவுல போட்டு மூடி வை, மூடியை இறுக்கி வை. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."